பழைய ஸ்போர்ட்ஸ் செடான வச்சுக்கறதா, வித்துடறதா? அறிகுறிய வச்சு முடிவு பண்ற வழி

என் வண்டிக்கு வயசு 18. ஆறு சிலிண்டர், பின் சக்கரம் தள்ளுற மேனுவல் செடான், 2,30,000 கிலோமீட்டர் தாண்டிடுச்சு. இதுல கூலன்ட் (இன்ஜின ஆற வைக்கற தண்ணி) குறையற கம்ப்ளெயிண்ட்ட மட்டும் நாலு தடவை சரி பண்ணியிருக்கேன், நாலு தடவையும் வேற வேற இடத்துல ஒழுகுச்சு, ஒவ்வொரு தடவையும் இதத் தலைமுழுகிடலாம்னு நெனச்சு விளம்பரம் கூட எழுதி வச்சிட்டு அப்புறம் அழிச்சிருக்கேன். அந்த நாலு தடவைல நான் கத்துக்கிட்டது என்னன்னா பில்லு பெருசா இருக்கறதால ஒரு வண்டிய விக்கக் கூடாது, எந்த மாதிரி ரிப்பேருக்கு அந்த பில்லு வந்துச்சுன்னு பாத்துதான் முடிவு பண்ணணும்.

கீழ உங்க வண்டிக்கு என்ன அறிகுறியோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க. செலவு கம்மியான காரணம் முதல்ல வரும், பெருசு கடைசில வரும்.

எந்த அறிகுறியா இருந்தாலும் முன்னாடியே பண்ண வேண்டியது

ஒரு நோட்டு போடுங்க. தேதி, கிலோமீட்டர், என்ன மாத்தினீங்க, என்ன செலவு, வண்டி வழியில நின்னுச்சா இல்லையா. இது இல்லாம வச்சுக்கலாமா விக்கலாமான்னு யோசிச்சா நேத்து குடுத்த பில்லு மட்டும்தான் ஞாபகத்துல நிக்கும்.

வண்டி கம்ப்யூட்டர்ல பதிஞ்ச கோளாறு கோட (code) படிக்கற ஓபிடி ஸ்கேனர் சின்னதா ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க, போன்ல பாக்கற புளூடூத் டைப்பே போதும்.

அப்புறம் 17 எழுத்து வின் நம்பர (சேஸிஸ் நம்பர்) கம்பெனி வெப்சைட்ல போட்டு ரீகால் (கம்பெனியே திரும்பக் கூப்பிட்டு சரி பண்ணித் தர்ற குறை) ஏதாவது பாக்கி இருக்கான்னு பாருங்க. 2000க்கு அப்புறம் வந்த நிறைய வண்டில டகாடா ஏர்பேக் இன்ஃபிளேட்டர் இருக்கு, வயசாகி ஈரமும் சூடும் பட்டுப் பட்டு கெட்டுப்போச்சுன்னா வெடிக்கும்போது உலோகத் துண்டு தெறிக்கும், உயிர் போயிருக்கு. கம்பெனி இலவசமா மாத்திக் குடுக்கும். ஏர்பேக் லைட் எரிஞ்சா நீங்களா ஸ்டியரிங்க கழட்டிப் பாக்காதீங்க, அது நேரா ஒர்க்‌ஷாப் வேலை.

## அறிகுறி 1: கூலன்ட் குறையுது, இல்ல வண்டி ஹீட் ஆகுது

இன்ஜின் நல்லா ஆறின அப்புறம்தான் லெவல் பாக்கணும், சூட்டுல கூலன்ட் மூடியத் தொறந்தா கொதிக்கற தண்ணி மூஞ்சில அடிக்கும். இன்னொண்ணு, டேஷ்போர்டு முள்ள நம்பாதீங்க. நிறைய வண்டில அது பேருக்குதான் இருக்கு, உள்ள டிகிரி ஏறி இறங்கினாலும் முள்ளு நடுவுலயே நிக்கும், அது நகர ஆரம்பிக்கும்போது ஏற்கனவே லேட்டு. ஸ்கேனர்ல கூலன்ட் டெம்பரேச்சர் பாருங்க, வண்டிக்கு வண்டி மாறும், பொதுவா 85ல இருந்து 105 டிகிரிக்குள்ள இருக்கும். உங்க வண்டியோட நார்மல் எவ்வளவுன்னு நல்லா இருக்கும்போதே குறிச்சு வச்சுக்கோங்க.

### கீழ சொட்டுது, இல்ல எங்கயோ காஞ்ச தடம் தெரியுது

முதல்ல கூலன்ட் மூடி. உள்ள இருக்கற ஸ்பிரிங் தளர்ந்து போச்சுன்னா பிரஷர் நிக்காது, பிரஷர் நிக்கலைன்னா கொதிநிலை இறங்கிடும், பொங்கி வெளிய தள்ளும். புது மூடி போட்டுப் பாருங்க, இதைவிட சின்ன செலவு இல்ல.

அடுத்து ஹோஸ் எல்லாத்தையும் அமுக்கிப் பாருங்க, முனையில ஊதிப் போயிருக்கா, கிளிப் பக்கத்துல வெள்ளையா உப்பு பூத்த மாதிரி இருக்கான்னு. அதுக்கப்புறம் எக்ஸ்பான்ஷன் டேங்க், சூட்டுல விரியற கூலன்ட் போய் நிக்கற பிளாஸ்டிக் டேங்க். என் வண்டில ரெண்டாவது தடவை ஒழுகினது இதுலதான், கண்டுபிடிக்க மூணு வாரம் ஆச்சு. ஆறின வண்டில ஒரு சொட்டு வராது. டேங்க்கோட ரெண்டு பாதியும் ஒட்டியிருக்கற அந்த விளிம்புல முடி மாதிரி ஒரு விரிசல், சூடாகி பிரஷர் ஏறினா மட்டும் தொறந்து மூச்சு விடுது, சூட்டுல உடனே காஞ்சிடுது. விரல வச்சுத் தடவினப்போ நகத்துல சொரசொரன்னு மாட்டின அந்த உப்புதான் காட்டிக் குடுத்துச்சு.

இத கையால தேடிக்கிட்டு இருக்கறதுக்கு பதிலா ஒர்க்‌ஷாப்ல பிரஷர் டெஸ்டர் இருக்கும், சைக்கிள் பம்பு மாதிரி, மூடிக்கு பதிலா மாட்டி, மூடியில எழுதியிருக்கற பிரஷருக்கு அடிச்சிட்டு கால் மணி நேரம் விட்டா முள்ளு இறங்கும், எங்க ஒழுகுதோ அங்க நனையும்.

### டிராஃபிக்ல மட்டும் ஹீட், ஓட ஓட சரியாயிடுது

காத்து பத்தல. ஃபேன் சுத்துதா பாருங்க, ஏசி போட்டா பெரும்பாலான வண்டில ஃபேன் வந்தாகணும். வரலைன்னா ஃபியூஸ், ரிலே, அப்புறம் மோட்டார். விஸ்கஸ் கிளட்ச் ஃபேன் (இன்ஜினே சுத்தி விடற, சூடானா இறுகற ஃபேன்) இருக்கற வண்டின்னா இன்ஜின நிறுத்திட்டு சூட்டுல கையால சுத்திப் பாத்தா கொஞ்சம் இறுக்கமா இருக்கணும், தட்டினா காத்தாடி மாதிரி சுத்திக்கிட்டே இருந்தா போச்சு.

### ஹைவேல மட்டும் ஹீட்

இங்க காத்துக்கு பஞ்சமில்ல, தண்ணி ஓட்டம்தான் பத்தல. தெர்மோஸ்டாட் (சூட்டுக்குத் தக்க கூலன்ட்ட ரேடியேட்டருக்குத் தொறந்து விடற வால்வ்) பாதில மாட்டிக்கிட்டிருக்கும், ரேடியேட்டர் உள்ள அடைச்சிருக்கும், இல்ல வாட்டர் பம்பு. சில பம்புல உள்ள இருக்கற பிளாஸ்டிக் இம்பெல்லர் (தண்ணியத் தள்ளுற இறக்கை) உடஞ்சு ஷாஃப்ட் மட்டும் சுத்திக்கிட்டிருக்கும், வெளிய பாத்தா பம்பு நல்லா இருக்கற மாதிரிதான் தெரியும். எலக்ட்ரிக் வாட்டர் பம்பு உள்ள வண்டின்னா, பிஎம்டபிள்யூல இ90 (ஒரு 3 சீரிஸ் மாடல்) காலத்து ஆறு சிலிண்டர் மாதிரி, அது பெருசா முன்னறிவிப்பு குடுக்காமலே நிக்கும்.

### எங்கயும் ஒழுகல, ஆனா குறையுது

இதுதான் வயித்துல புளியக் கரைக்கற கேஸ். எக்ஸாஸ்ட்ல வெள்ளைப் புகை இனிப்பு வாடையோட வருதா, ஓவர்நைட் நின்னதும் ஸ்டார்ட் பண்ணா ஒரு சிலிண்டர் மிஸ் ஆகி அப்புறம் சரியாகுதா, ஆறின வண்டில மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகியிருக்கான்னு பாருங்க. ஆயில் மூடிக்குக் கீழ பால் நிறத்துல இருந்தா உடனே பயந்துடாதீங்க, ரெண்டு கிலோமீட்டர் மூணு கிலோமீட்டர்னே ஓட்டினா ஈரம் தங்கி அப்படி வரும், டிப்ஸ்டிக்லயும் (ஆயில் அளவு பாக்கற கம்பி) பால் நிறம் வந்தாத்தான் சந்தேகம். கெமிக்கல் டெஸ்ட் ஒண்ணு இருக்கு, டேங்க் வாயில ஒரு நீல திரவத்த வச்சு அந்த ஆவிய உறிஞ்சவிட்டா, எரிஞ்ச கேஸ் கலந்திருந்தா மஞ்சளா மாறும். மாறிச்சுன்னா ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேல இருக்கற ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற சீல்) போச்சு, இல்ல ஹெட்டே விரிசல்.

### எப்போ நிறுத்தணும், முடிவு என்ன

டெம்பரேச்சர் வார்னிங் வந்த செகண்டே ஹீட்டர ஃபுல் ஹாட்ல வச்சு ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்க. பக்கத்துல தானே வீடுன்னு அஞ்சு நிமிஷம் ஓட்டினா அலுமினிய ஹெட் வளைஞ்சிடும், ஒரு மூடி செலவுல முடிய வேண்டியது இன்ஜின் இறக்கற வேலையா ஆயிடும்.

மூடி, ஹோஸ், டேங்க், பம்பு, தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் எல்லாமே தேய்ற சாமான், இதுக்காக வண்டிய விக்காதீங்க. ஆனா என்ன மாதிரி ஒண்ணு ஒண்ணா மாத்தாதீங்க. நான் ஹோஸ் மாத்தினேன், டேங்க் போச்சு, டேங்க் மாத்தினேன், பம்பு ஒழுகுச்சு, பம்பு மாத்தினேன், ரேடியேட்டர் கழுத்து உடஞ்சுது. வேற எங்கயும் கசியாம பிரஷர் முழுசா நிக்க ஆரம்பிச்சதும் அடுத்து எது வீக்கோ அது போகுது, அவ்வளவுதான். எல்லாம் ஒரே வயசு பிளாஸ்டிக், ஒரே தடவைல செட்டா மாத்தினா கூலி ஒரு தடவைதான், பல வருஷம் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்க வேண்டியதில்ல. ஹெட் வளைஞ்சிருந்தா மட்டும் மீதி வண்டி எப்படி இருக்குன்னு, முக்கியமா அறிகுறி 7ஐ (துரு), பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

## அறிகுறி 2: ஆயில் குறையுது

அளக்காம பேசக் கூடாது. சமதரைல நிறுத்தி, அஞ்சு பத்து நிமிஷம் விட்டு டிப்ஸ்டிக் பாருங்க, எவ்வளவு ஊத்தினீங்கன்னு நோட்டுல எழுதுங்க. ரெண்டாயிரம் கிலோமீட்டர் கணக்கு இருந்தாதான் அது ஒரு நம்பர். ஆயிரம் கிலோமீட்டருக்கு கால் லிட்டர்னா பழைய பவர் இன்ஜினுக்கு அது சாதாரணம். ஒரு லிட்டர் நெருங்கினா தேடணும்.

சொட்டுதுன்னா: அடிப்பக்கத்த நல்லா கழுவி, ரெண்டு நாள் ஓட்டிட்டு எங்க முதல்ல நனையுதுன்னு மேலருந்து கீழ பாருங்க, ஏன்னா காத்து ஆயில எல்லாம் பின்னாடி தள்ளிடும், சொட்டுற இடம் வேற, ஒழுகற இடம் வேற. நிறுத்தினதும் கருகின வாடை வந்தா வால்வ் கவர் கேஸ்கெட்டா இருக்கும், எக்ஸாஸ்ட் மேல சொட்டும். அடுத்து ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட், அது பெல்ட் மேல ஒழுக விடாதீங்க, பெல்ட் ஊறி பிஞ்சு போகும். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல ஈரம்னா ரியர் மெயின் சீல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்வாங்களே அது இதுதான், சீல் கையளவு, ஆனா கியர்பாக்ஸ இறக்கணும். லேசா கசிஞ்சா விட்டுடுங்க, கிளட்ச் மாத்தும்போது சேத்து மாத்திக்கலாம்.

சொட்டல, ஆனா குறையுதுன்னா: முதல்ல பிசிவி வால்வ், இன்ஜினுக்குள்ள சேர்ற கேஸ திரும்ப இன்டேக்குக்கு அனுப்பற வால்வ். ஐடில்ல ஆயில் மூடியத் தொறங்க, லேசா உறிஞ்சினா நார்மல், இழுத்துப் பிடிச்சுக்கிட்டு தொறக்கவே விடலைன்னா, இல்ல விசில் சத்தம் வந்தா டயாஃபிரம் கிழிஞ்சிருக்கு. சின்ன செலவு, ரிங்க்ஸ் (பிஸ்டன சுத்தி இருக்கற வளையம்) போச்சுன்னு சொல்லி இன்ஜின் இறக்கச் சொன்ன வண்டி இதுலயே சரியானத நேர்ல பாத்திருக்கேன். அதுவும் இல்லைன்னா புகையப் பாருங்க, ஒருத்தர பின்னாடி வண்டில வரச் சொல்லுங்க. ரொம்ப நேரம் ஐடில்ல நின்னு கிளம்பும்போது ஒரு நீலப் புகை தள்ளிட்டு நின்னுடுச்சுன்னா வால்வ் ஸ்டெம் சீல். அழுத்தி ஓட்டும்போது விடாம நீலம்னா ரிங்க்ஸ். டர்போ வண்டின்னா டர்போ சீலும் சந்தேகப் பட்டியல்ல உண்டு, அதுக்கு இன்டேக் பைப்ப கழட்டி உள்ள ஆயில் தேங்கியிருக்கான்னு பாருங்க.

கம்ப்ரஷன் டெஸ்டும் லீக் டவுன் டெஸ்டும் (சிலிண்டருக்குள்ள பிரஷர் எவ்வளவு நிக்குது, எவ்வளவு கசியுதுன்னு பாக்கறது) ஒர்க்‌ஷாப்ல எடுத்துக்கோங்க. சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் பத்து பதினஞ்சு சதவீதத்துக்குள்ள இருந்தா நல்ல இன்ஜின்.

முடிவு: ரிங்க்ஸே போயிருந்தாலும் ஆயில் ஊத்தி ஊத்தி ஓட்டறது இன்ஜின் இறக்கறத விட பல வருஷத்துக்கு சல்லிசு. ஆனா ஸ்போர்ட்ஸ் செடான்ல ஒரு விஷயம், லெவல் கம்மியா இருக்கும்போது வளைவுல வேகமா திருப்பினா ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்புக்கு எட்டாது, பேரிங் போயிடும். அதனால மினிமம் கோடு வரைக்கும் காத்திருக்காதீங்க. அடியில இருந்து டொக் டொக்னு ஆழமா சத்தம் வர ஆரம்பிச்சிட்டா அங்கயே ஆஃப் பண்ணி டோ பண்ணுங்க.

## அறிகுறி 3: செக் இன்ஜின் லைட், பிக்கப் இல்ல, ஜெர்க் அடிக்குது

### லைட் மினுக் மினுக்னு அடிக்குது

உடனே கால எடுங்க. மிஸ்ஃபயர் ஆகி, அதாவது ஒரு சிலிண்டர் சரியா எரியாம, மிச்ச பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்ல (எக்ஸாஸ்ட் புகைய சுத்தம் பண்ற பாகம்) போய் எரியுது, அது ஒரு இக்னிஷன் காயில (ஸ்பார்க் பிளக்குக்கு கரண்ட் குடுக்கறது) விட பல மடங்கு விலை.

### ஸ்கேனர்ல வர்ற கோடு பி0301, பி0302 இந்த மாதிரி

கடைசி நம்பர்தான் சிலிண்டர். பி0302 வந்தா ரெண்டாவது சிலிண்டர் காயில கழட்டி மூணாவதுல போட்டு ஓட்டுங்க. கோடு பி0303னு மாறினா காயில்தான். மாறலைன்னா பிளக்க அதே மாதிரி மாத்திப் பாருங்க, அப்புறம் இன்ஜெக்டர், அப்புறம் கம்ப்ரஷன். காசே செலவு பண்ணாம பாதி கேஸ் இதுல முடிஞ்சிடும், ஆனா எத்தனை பேரு நேரா எல்லா காயிலயும் புதுசா வாங்கிட்டு வந்து நிக்கறாங்க.

### பி0171 இல்ல பி0174

பெரும்பாலும் எங்கயோ சென்சார் அளக்காத காத்து உள்ள போகுது. ரப்பர் இன்டேக் பூட்ட விரிச்சுப் பாருங்க, மடிப்புக்குள்ள வெடிச்சிருக்கும், மேலருந்து தெரியாது. கெடைக்கலைன்னா ஸ்மோக் டெஸ்ட், உள்ள புகைய விட்டு எங்க வெளிய வருதுன்னு பாக்கறது. டர்போ வண்டில அழுத்தும்போது உஸ்ஸுன்னு சத்தத்தோட பவர் இல்லைன்னா பூஸ்ட் ஹோஸ் கழண்டிருக்கும், டர்போ போச்சுன்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி ஒரு ஸ்குரூ டிரைவர் எடுத்து கிளாம்ப் எல்லாத்தையும் முறுக்குங்க.

### பி0420

கன்வெர்ட்டர் வீக்குனு அர்த்தம், ஆனா உடனே வாங்கிடாதீங்க. எக்ஸாஸ்ட் லீக்கும் பின்னாடி ஆக்ஸிஜன் சென்சாரும் முதல்ல. மிஸ்ஃபயர், ஆயில் எரியறது ரெண்டையும் சரி பண்ணாம புதுசு போட்டா அதுவும் போகும்.

### காலைல ஸ்டார்ட் பண்ணா கடகட சத்தம்

டைமிங் செயின், வால்வயும் பிஸ்டனையும் ஒத்துப்போக வைக்கற செயின். ஒண்ணு ரெண்டு செகண்ட்ல அடங்கினா முதல்ல ஆயில் லெவலும் ஆயில் கிரேடும் பாருங்க. அடங்காம இழுத்துச்சுன்னா ஓட்டாதீங்க, ஒர்க்‌ஷாப்ப கூப்பிடுங்க. டைமிங் பெல்ட் வண்டியா இருந்தா அறிகுறியே கிடையாது, அறுந்த அன்னிக்குதான் தெரியும், நிறைய இன்ஜின்ல வால்வும் பிஸ்டனும் மோதி ரெண்டும் போயிடும். கிலோமீட்டர் ஆகலைன்னாலும் வருஷம் ஆச்சுன்னா மாத்தணும், பழைய ஓனர் மாத்தினதுக்கு பில் இல்லைன்னா மாத்தலைன்னுதான் வச்சுக்கணும். ஆடியோட பழைய 2.0 டிஎஃப்எஸ்ஐல பெல்ட்டோட இன்னொண்ணும் இருக்கு, ஹை பிரஷர் பம்ப தள்ளுற சின்ன கேம் ஃபாலோயர், ஒரு பாட்டில் மூடி சைஸ்தான், அது தேஞ்சு ஓட்டை விழுந்தா கேம்ஷாஃப்டையே (வால்வ தொறக்கற தண்டு) தின்னுடும், கழட்டிப் பாக்கறது சின்ன வேலை.

முடிவு: சென்சார், காயில், ஹோஸ் இதெல்லாம் விக்கறதுக்கு காரணமே இல்ல. ஒரே கோடு மூணு ஒர்க்‌ஷாப் மூணு விதமா பார்ட்ஸ் மாத்தியும் திரும்பி வந்தா வண்டிய விக்கறதுக்கு முன்னாடி மெக்கானிக்க மாத்துங்க.

## அறிகுறி 4: கிளட்ச், கியர்பாக்ஸ்

மேனுவல்: காலி ரோட்டுல நாலாவது கியர்ல மெதுவா போய்க்கிட்டு ஒரே மிதி மிதிங்க. ரேஸ் மட்டும் ஏறி வண்டி ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. கிளட்ச் மிதிக்கும்போது சத்தம் வந்தா ரிலீஸ் பேரிங், மிதிச்சா நிக்கிற சத்தம்னா கியர்பாக்ஸ் இன்புட் பேரிங் இல்ல டூயல் மாஸ் ஃபிளைவீல் (இன்ஜின் அதிர்வ உறிஞ்சற ரெண்டு அடுக்கு சக்கரம்). கியர் விழ கஷ்டமா இருந்தா முதல்ல ஹைட்ராலிக் ஃபுளூயிட மாத்தி காத்து எடுத்துப் பாருங்க, அப்புறம் கியர் ஆயில். இறக்கறதுன்னு முடிவானா டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ரியர் மெயின் சீல் எல்லாம் ஒண்ணா. ஃபிளைவீல அங்கயே கையால அசைச்சு ஆட்டம் அளவுக்குள்ள இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க.

ஆட்டோமேட்டிக்: "லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேணாம்"னு எழுதியிருந்தா அது யாரோட லைஃப்னு கேக்கணும். கியர்பாக்ஸ் பண்ற இசட்எஃப் கம்பெனியே 80,000ல இருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள மாத்தச் சொல்லுது. ஃபோக்ஸ்வாகன் குரூப்போட ஆறு ஸ்பீடு ஈர கிளட்ச் டிஎஸ்ஜிக்கு (ரெண்டு கிளட்ச் ஆட்டோமேட்டிக்) 60,000. ஷிஃப்ட்ல லேசா தட்டுது, தயங்குதுன்னா ஆயில், ஃபில்டர், அப்புறம் அடாப்டேஷன் ரீசெட் (கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் கத்துவச்சத அழிச்சு புதுசா கத்துக்க விடறது), அதுவும் சரியான டெம்பரேச்சர்ல லெவல் பாக்கத் தெரிஞ்ச ஆளுகிட்ட. கியர் வழுக்குது, ரிவர்ஸ் எடுக்க நேரம் ஆகுது, லிம்ப் மோடுக்குப் (வண்டியே பவர குறைச்சுக்கற பாதுகாப்பு நிலை) போகுதுன்னா ஓட்டிக்கிட்டே இருக்காதீங்க, தேஞ்ச தூள் வால்வ் பாடிக்குள்ள (கியர் மாத்தற ஆயில் வழி) போகும்.

ஆட்டோமேட்டிக் ரீபில்ட் நிறைய பழைய வண்டிக்கு மரண ஓலை மாதிரி. பாடி சுத்தமா இருந்து நீங்க இன்னும் நாலு வருஷம் வச்சுக்கறதா இருந்தாதான் பண்ணுங்க. ரீபில்ட் பண்ணி உடனே விக்கலாம்னு கணக்கு போட்டா அந்தக் காசு திரும்பி வராது.

## அறிகுறி 5: தட்டுது, ஆடுது, வண்டி பழசாயிடுச்சுன்னு தோணுது

இத நான் தனியா சொல்றேன், ஏன்னா நல்ல வண்டிய தப்பா வித்தவங்கள்ல பாதிப் பேரு இங்கதான். மூட்டைப்பூச்சிக்கு பயந்து வீட்டக் கொளுத்தின கதை.

மேடு பள்ளத்துல டக் டக்னா ஸ்டெபிலைசர் லிங்க். ஸ்டியரிங் திருப்பும்போது டொங்னா ஸ்ட்ரட் மவுண்ட். 90, 100ல ஸ்டியரிங் ஆடினா வீல் பேலன்ஸ், பிரேக் போட்டா மட்டும் ஆடினா டிஸ்க், அதோட கண்ட்ரோல் ஆர்ம் புஷ்ஷும் (சக்கரத்த பிடிச்சிருக்கற ஆர்மோட ரப்பர் மூட்டு) பாருங்க, புஷ் கிழிஞ்சிருந்தா நல்ல டிஸ்க் கூட ஆட்டம் காட்டும். வேகத்தோட ஏறுற ஊஊன்னு சத்தம், இடது பக்கம் திருப்பும்போது அதிகமானா பெரும்பாலும் வலது பேரிங், ஏன்னா எடை அங்க சாயுது.

டயரோட பட்டன் மட்டும் பாத்துட்டு நல்லா இருக்குனு சொல்லாதீங்க. பக்கத்துல டாட்னு ஆரம்பிக்கற எழுத்தோட கடைசி நாலு நம்பர் பாருங்க, 2317னா 2017ஆம் வருஷம் 23வது வாரம். ஆறு வருஷம் தாண்டினா வருஷா வருஷம் ஆளு வச்சு பாருங்க, பத்து ஆச்சுன்னா பட்டன் புதுசா இருந்தாலும் தூக்கிப் போடுங்க, ரப்பர் இறுகி மழைல பிடிக்காது. பிரேக் ஃபுளூயிட் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அது காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும்.

மூணு வருஷம் முன்னாடி புது வண்டி ஒண்ண டெஸ்ட் டிரைவ் பண்ணிட்டு என் வண்டில ஏறினப்போ கட்டை வண்டி மாதிரி இருந்துச்சு. அந்த வாரம் விளம்பரம் மூணாவது தடவை எழுதினேன். போட்டோ எடுக்க கழுவும்போது முன் சக்கரத்துக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பாத்தா கண்ட்ரோல் ஆர்ம் புஷ்ல இருந்து ரப்பர் நாக்கு தள்ளிக்கிட்டு நிக்குது, பின் ஷாக் அப்சார்பர் ரெண்டும் ஆயில் வழிஞ்சு மண்ணு ஒட்டியிருக்கு. வித்தாலும் இத மாத்திட்டுதான் விக்கணும்னு நாலு ஷாக், புஷ், மவுண்ட், அலைன்மெண்ட் பண்ணினேன். ஒர்க்‌ஷாப்ல இருந்து வெளிய வந்து முதல் வளைவுலயே விளம்பரத்த அழிச்சிட்டேன்.

முடிவு: இந்த அறிகுறிக்காக வித்தீங்கன்னா வாங்கறவரு சரி பண்ணி சந்தோஷமா ஓட்டுவாரு.

## அறிகுறி 6: கரண்ட் கோளாறு

செல்ஃப் எடுக்க மாட்டேங்குதுன்னா பேட்டரி. ராத்திரி நின்ன வண்டில 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும், ஓடும்போது பொதுவா 13.8ல இருந்து 14.5. வோல்டேஜ் குறைஞ்சா இந்த வண்டிங்க சம்பந்தமே இல்லாத பத்து வார்னிங் லைட்ட போடும், அதனால எந்த மாட்யூலையும் (எலக்ட்ரானிக் கண்ட்ரோல் பாக்ஸ்) மாத்தறதுக்கு முன்னாடி பேட்டரியும் எர்த் வயரும்.

புது பேட்டரியும் ராத்திரில இறங்குதுன்னா எதுவோ குடிச்சுக்கிட்டிருக்கு. வண்டிய பூட்டி மாட்யூல் எல்லாம் தூங்க ஒரு மணி நேரம் வரை விட்டு அம்மீட்டர்ல அளந்தா 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருக்கணும். அதிகமா இருந்தா ஃபியூஸ் ஒவ்வொண்ணா பாத்து எந்த சர்க்யூட்னு பிடிக்கலாம்.

தண்ணி புகுந்திருந்தா கதை வேற. சன்ரூஃப் இருந்தா மூலைல ஒரு கப் தண்ணி ஊத்துங்க, கீழ சக்கரத்துப் பக்கம் வரலைன்னா டிரெயின் அடைச்சிருக்கு, அந்தத் தண்ணி கார்ப்பெட்டுக்கு அடியிலயோ டிக்கில இருக்கற கண்ட்ரோல் பாக்ஸ் மேலயோ போயிருக்கும். கார்ப்பெட்ட தூக்கிப் பாருங்க. கனெக்டர் பச்சை பூத்து, வயரிங் ஹார்னஸ்லயே அரிப்பு பிடிச்சு, மழை பேஞ்சா ஒரு கோளாறு வெயில் அடிச்சா இன்னொண்ணுன்னு ஆயிடுச்சுன்னா, நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருத்தர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க. அவரும் கைய விரிச்சா குடுத்துடுங்க, இதுக்கு பில்லோட முடிவே தெரியாது.

## அறிகுறி 7: துரு

நான் வண்டிய விப்பேன்னா இதுக்குதான் விப்பேன். மத்ததெல்லாம் கழட்டி மாட்டற சாமான், பாடி கழட்டி மாட்ட முடியாது.

ஃபெண்டர் ஓரத்துல, டிக்கி கதவுல கொப்புளம் வந்தா அது வெறும் அழகு விஷயம், சீக்கிரம் டிங்கரிங் பண்ணா முடிஞ்சுது. ஜாக்கி வைக்கற இடம், சில் (கதவுக்குக் கீழ ஓடற பாடி விளிம்பு), ஸ்ட்ரட் டவர் (சஸ்பென்ஷன் மேல் முனை மாட்டற இடம்), சப்ஃபிரேம் (சஸ்பென்ஷன தாங்கற சட்டம்) மாட்டியிருக்கற இடம், பிரேக் பைப் இந்த அஞ்சும்தான் கணக்கு. லிஃப்ட்ல ஏத்தி ஸ்குரூ டிரைவர் பிடியால தட்டுங்க. நல்ல தகடு டங்னும், போன தகடு தப்னும். கூர் முனையால அழுத்தினா உள்ள போச்சுன்னா சந்தேகத்துக்கே இடமில்ல. புதுசா கருப்பு பெயிண்ட் அடிச்சிருந்தா யாரு எதுக்கு அடிச்சாங்கன்னு கேளுங்க.

துரு இல்லாமலே விரிசல் வர்ற வண்டியும் இருக்கு. 1998ல வந்த பிஎம்டபிள்யூ இ46ல (இதுவும் 3 சீரிஸ்தான்) பின் சப்ஃபிரேம் மவுண்ட் சுத்தி தரைத் தகடு விரிசல் விடறது பேர் போன விஷயம். பின்னாடி டொங்னு கேட்டா புஷ்ஷுன்னு நெனைக்கறதுக்கு முன்னாடி சப்ஃபிரேம இறக்கி சுத்தம் பண்ணிப் பாக்கணும். ஆரம்பத்துல பிடிச்சா வெல்டிங் வச்சு பிளேட் போட்டு பலப்படுத்தலாம், பிஞ்சு போனா வண்டியவிட வேலை பெருசு.

பிரேக் பைப் துருப்பிடிச்சு செதில் செதிலா வந்தா அன்னிக்கே ஓட்டறத நிறுத்துங்க. சில் இல்ல சப்ஃபிரேம் இடத்துல ஓட்டைன்னா பாடி வெல்டிங் தெரிஞ்சவருகிட்ட ஒரு எஸ்டிமேட் வாங்குங்க, கட்டுபடியாகலைன்னா அதுக்கு மேல யோசிக்காம வித்துடுங்க. இன்ஜின் எவ்வளவு நல்லா இருந்தாலும் சரி.

## அறிகுறி 8: ஒண்ண சரி பண்ணா இன்னொண்ணு

இங்கதான் நோட்டு வேலைக்கு வரும். கடைசி 12 மாசத்த எடுத்து மூணா பிரிங்க. டயர், பேட், ஆயில் ஒரு பக்கம், அது புது வண்டிக்கும் ஆகற செலவு, அத விட்டுடுங்க. ரப்பர், பிளாஸ்டிக், புஷ், பம்பு ரெண்டாவது, இது வயசுக்கான செலவு, ஒரு தடவை பண்ணா நாளைக்கே திரும்ப வராது. மூணாவது, ஏற்கனவே சரி பண்ணினதே திரும்ப வந்தது.

ரெண்டாவதும் மூணாவதும் கூட்டி, பழைய வண்டியோட மார்க்கெட் விலையோட ஒப்பிடாதீங்க, எல்லாரும் பண்ற தப்பு அது. நீங்க மாத்தி வாங்க நெனைக்கற வண்டி முதல் வருஷத்துல எவ்வளவு விலை இறங்கும், வட்டி எவ்வளவு, இன்சூரன்ஸ் வித்தியாசம் எவ்வளவு, அதோட ஒப்பிடுங்க. பெரும்பாலும் யானையக் கட்டி தீனி போடற மாதிரி தோணின நம்ம வண்டி அப்பவும் சல்லிசாதான் வரும்.

மூணாவது வகை செலவு வருஷா வருஷம் வளர்ந்துச்சுன்னா ஒண்ணு மெக்கானிக் சரியில்ல, இல்ல பார்ட்ஸ் டூப்ளிகேட், இல்ல வயரிங். இந்த மூணும் இல்லாமலும் வளர்ந்தா குடுத்துடுங்க. பார்ட்ஸ் கிடைக்காம வண்டி வாரக் கணக்குல நிக்குதுன்னாலும் அதே, வேற ஒரு வண்டி வீட்டுல இல்லைன்னா.

## அறிகுறி 9: வண்டில ஒண்ணும் இல்ல, ஆனா தூரமா எடுத்துட்டுப் போக மாட்டேங்கறீங்க

ராத்திரி நூறு கிலோமீட்டர் போகணும்னா வேற வண்டி கேக்கறீங்களா? ஏன்னு நோட்ட பாருங்க. ரெண்டு வருஷத்துல ஒரு தடவைதான் நின்னிருக்கு, அதுவும் பேட்டரின்னா பயம் உங்க மனசுலதான், கூலிங் சிஸ்டத்தையும் பெல்ட்டையும் டயரையும் முடிச்சிட்டு ஒரு தடவை போயிட்டு வாங்க. நாலு தடவை காலை வாரியிருக்குன்னா பயம் நியாயம்தான், அந்த நாலும் ஒரே காரணமான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

குழந்தை சீட்டு வைக்க முடியல, முட்டி வலிக்குது கிளட்ச் மிதிக்க முடியலன்னா அதுக்கு எந்த பார்ட்டும் கிடையாது. அப்போ வண்டி நல்லா ஓடிக்கிட்டிருக்கும்போதே வித்துடுங்க, ஷெட்டுல போட்டு வச்சா பேட்டரி, டயர், சீல் எல்லாம் சும்மா நின்னே கெடும்.

விக்கும்போது புது பெயிண்ட் அடிக்காதீங்க, வாங்க வர்றவரு எத மறைக்கறாங்கன்னுதான் பாப்பாரு. பழைய பில்லோட அந்த நோட்டயும் குடுங்க. என் நோட்டுல இப்போதைக்கு கடைசி வரி: பின் சப்ஃபிரேம் இறக்கிப் பாக்கணும், அடுத்த மாசம்.